வெள்ளைக் கொக்கு வெளுக்கிறது, பருந்து கறுக்கிறது: பறவைப் படங்களின் வெளிச்சக் கோளாறுகள்

ஒரு பறவைப் படத்தைக் காட்டினால் “என்ன செட்டிங்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். “வெயில் எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்பவர் அபூர்வம். வெளிச்சத்தால் கெடும் படங்களில் டயலைத் திருப்பினால் தீர்வது ஒரு பகுதிதான். இன்னொரு பகுதிக்கு நாம் நாலு அடி தள்ளி நிற்க வேண்டும். மீதிக்கு அந்த நேரத்தில் மருந்தே கிடையாது. காத்திருக்கலாம், இல்லாவிட்டால் டீக்கடைக்குப் போகலாம். எது எந்த வகை என்று தெரியாமல் டயலோடு மல்லுக்கட்டியே பாதிக் காலை போய்விடும்.

படத்தில் என்ன தெரிகிறது என்பதை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். மேனுவல் மோடும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தானும் கேமராவில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். பிளாஷ் பற்றி இதில் ஒன்றும் வராது. காட்டுப் பறவையின் முகத்தில் அதை அடிக்கக் கூடாது என்பது என் கட்சி.

கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது, இறகே தெரியவில்லை

நம் ஊர் ஏரிகளில் அதிகம் வரும் கோளாறு இதுதான். வேடந்தாங்கல் கரையில் நின்றால் கண்ணில் படுவதில் பாதி வெள்ளை: கொக்குகள், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை. பின்னால் கரும்பச்சை மரம் அல்லது நிழல் விழுந்த தண்ணீர். கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர், தான் பார்க்கும் காட்சியை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படத்தின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதால் மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கிறது. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைப் பறவை எரிந்துபோகிறது.

முதல் மருந்து: காம்பன்சேஷனை மைனஸ் பக்கம் தள்ளுங்கள். மைனஸ் 2/3-ல் தொடங்கி, பின்னணி நல்ல இருட்டாக இருந்தால் மைனஸ் 1 1/3 வரை போகலாம். எரிந்த இடங்கள் கறுப்பாகச் சிமிட்டும் எச்சரிக்கை அநேகமாக எல்லாக் கேமராவிலும் உண்டு. அதை எப்போதும் போட்டு வையுங்கள். மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு எரியும் இடத்தில் வரி வரியாக ஓடும் ஜீப்ரா கோடுகள் இன்னும் வசதி, எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அதே கொக்கு பக்கத்தில் வந்து படச் சட்டம் முழுக்க நிறைந்து நின்றால் கணக்கு தலைகீழ். இப்போது கேமரா பார்ப்பதெல்லாம் வெள்ளை, அதைச் சாம்பலாக்கக் குறைத்துவிடும். கொக்கு அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். இதற்குப் பிளஸ் 2/3 அல்லது பிளஸ் 1. “வெள்ளைப் பறவைக்கு மைனஸ்” என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பறவையின் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. சட்டத்தில் அது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, மீதி இடத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாம் என்றால் மேனுவலுக்குப் போய்விடுங்கள். மேகமில்லாத முழு வெயிலுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது: அபெர்ச்சரை எஃப் 16-ல் வைத்தால், ஐஎஸ்ஓ எண்ணுக்கு ஒன்றின் கீழ் ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16-ல் 1/400. அதையே எஃப் 8-க்கு மாற்றினால் 1/1600. இது மைனா, புறா மாதிரி நடுத்தர நிறத்துக்கு. வெயில் நேராக விழும் கொக்குக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்து 1/3200. கறுப்பான கரிச்சான் குருவிக்கு ஒரு ஸ்டாப் கூட்டி, வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி, 1/800. காலை வெயில் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சமே குறைவு என்பதால் இதிலிருந்து ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டிவரும். தொடங்க ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் மிச்சத்தைச் சிமிட்டும் எச்சரிக்கை சொல்லிவிடும்.

சரியாக எடுத்தோமா என்று பார்க்க மஞ்சள் மூக்கு நாரை நல்ல பரீட்சை. அதன் முதுகுக்குப் பின்னால், வால் பக்கம் சரியும் இறகுகளில் ஒரு இளஞ்சிவப்பு இருக்கும். வெளிச்சம் அரை ஸ்டாப் தூக்கலாகப் போனாலும் முதலில் தொலைவது அந்த நிறம்தான். இளஞ்சிவப்பு தெரிந்தால் மார்பின் வெள்ளையிலும் இறகுக் கோடுகள் இருக்கும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) ஜேபெக் படத்தை வைத்துப் போட்டது. லேசாகச் சிமிட்டினால் ராவில் பெரும்பாலும் மீட்டுவிடலாம், கழுத்து முழுக்கச் சிமிட்டினால் முடியாது.

வெள்ளைக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல இது. மின்சிட்டு போன்ற செக்கச்செவேல் பறவைகளில் மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும். சிவப்புச் சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். வயிறு முழுக்க ஒரே சிவப்புப் பூச்சாக வந்திருந்தால் காரணம் அது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பைப் பார்த்துக் குறையுங்கள்.

வானத்தில் இருக்கும் பறவை கரிக்கட்டையாக வருகிறது

முன்னதற்கு நேர் எதிர். வெள்ளை வானத்தைப் பார்த்து கேமரா பயந்து குறைக்கிறது. பிளஸ் 1-லிருந்து பிளஸ் 2 வரை கூட்டுங்கள். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். மேகமூட்டமான வானத்தில் காப்பாற்ற ஒன்றுமில்லை.

ஆனால் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடாது. வால்பாறைப் பக்கம் மலை இருவாச்சியை எடுத்தவர்களுக்குத் தெரியும்: கறுப்புச் சிறகும் மஞ்சளோடிய வெள்ளைக் கழுத்தும் ஒரே உடம்பில். சிறகில் விவரம் வரும் அளவுக்குக் கூட்டினால் கழுத்து வெள்ளை வானத்தோடு கரைந்துவிடும். இதற்கு நடுவழிதான். கழுத்து எரியாத அளவுக்கு வைத்துக்கொண்டு, சிறகை ராவில் மெல்லத் தூக்கலாம். அதைவிட நல்லது, நாம் மேட்டுக்குப் போவது. சாலை வளைவில் சற்று உயரமான இடத்தில் நின்றால் பறவைக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் எதிர்மலைக் காடு வரும். அந்த நாலு அடிக்கு நிகரான செட்டிங் எந்தக் கேமராவிலும் இல்லை.

தலைக்கு மேல் பறக்கும் பருந்தின் அடிவயிறு இருட்டாக இருப்பதற்குத் தரையும் ஒரு காரணம். கீழே கரும்பச்சை வயலோ தார்ச்சாலையோ இருந்தால் மேலே திரும்பும் வெளிச்சம் சொற்பம். அதே பருந்து வெண்மணலுக்கோ உப்பளத்துக்கோ மேலே வந்தால் தரையே கீழிருந்து வெளிச்சம் கொடுக்கும். வேதாரண்யம் உப்பளங்கள் இதற்குப் பேர்போன இடம். அங்கே ஆலாக்கள் தலைக்கு மேல் போகும்போது இறக்கையின் அடிப்பக்கம்கூடத் தெளிவாக வரும். பறவையைத் துரத்துவதற்கு முன் கீழே என்ன தரை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் நேராக உங்கள் முகத்தில் அடிக்கும்போது பறவை கறுத்தால், கூட்டுவதை நிறுத்துங்கள். அப்போது இரண்டே வழி. சுற்றிப் போய் வெயிலை முதுகில் வாங்குவது ஒன்று. முடியாவிட்டால் துணிந்து இன்னும் குறைத்து, உருவக்கோட்டை மட்டும் எடுப்பது. அரிவாள் மூக்கனுக்கும் பாம்புத்தாராவுக்கும் அது அழகாகவே இருக்கும். வெயிலை எதிர்த்து எடுத்த படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால், லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹூடை மாட்டிப் பாருங்கள்.

ஒரு படம் சரியாக இருக்கிறது, அடுத்த படம் கெட்டுவிடுகிறது

மீன்கொத்தி புதரில் உட்கார்ந்திருந்தது, கிளம்பி வானத்தின் குறுக்கே போய்த் தண்ணீர் மேல் தாழ்ந்தது. அதன் மேல் விழும் வெயில் மாறவே இல்லை. மாறியது பின்னணி மட்டும். ஆனால் தானியங்கி மோடில் இருக்கும் கேமரா ஒவ்வொரு பின்னணிக்கும் ஒரு தீர்ப்பு சொல்கிறது. வெளிச்சம் நிலையாக இருக்கும் காலைகளில் மேனுவலில் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் பூட்டிவிடுங்கள். கவனம்: மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் அது மேனுவல் அல்ல, அதே தானியங்கிதான். மேகம் வந்து வந்து போகும் நாட்களில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்துக்கொண்டு காம்பன்சேஷனைப் பெருவிரலில் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சோலைக்குள் எடுத்த படம் மங்கல், அல்லது ஒரே மணல்மணியாக இருக்கிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் மங்கலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குள்ளேயே மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு.

படத்தை நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். கிளை, இலை, பறவை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. கிளையில் பாசி மயிரிழையாகத் தெரிகிறது, கால்விரல் தெளிவு, தலை மட்டும் கலங்கல் என்றால் பறவை அசைந்திருக்கிறது. பறவை மொத்தமும் மங்கல், அதற்கு ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ இருக்கும் இலை கூர்மை என்றால் ஃபோகஸ் தவறிய இடம் அது. இதைப் பிரித்துப் பார்க்காமல் “லென்ஸ் சரியில்லை” என்று விற்கப் போகிறவர்கள் நிறையப் பேர்.

கை ஆடினால் மோனோபாடோ (ஒற்றைக்கால் தாங்கி), மரத்தில் சாய்வதோ, லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷனோ உதவும். பறவை அசைவதற்கு அவை எதுவும் உதவாது. ஷட்டர் வேகம் வேண்டும், இல்லாவிட்டால் அது அசையாத கணம் வேண்டும். நீலகிரி, பழனி மலைச் சோலைகளின் கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இந்தப் பாடத்துக்கு நல்ல வாத்தியார். தரையை ஒட்டிய இருட்டுப் புதரில்தான் இருக்கும். ஆனால் ஒரு குச்சியில் உட்கார்ந்தால் சற்று நேரம் சிலையாக இருக்கும். பூச்சியைப் பார்த்துத் தலையைத் திருப்பும், நிறுத்தும், மறுபடி திருப்பும். திருப்பி நிறுத்தும் அந்த இடைவெளியில் 1/100-கூடப் போதும். ஐந்தாறு படமாகச் சின்னச் சின்ன பர்ஸ்ட் எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய ஆட்டம் இருக்கும், நடுவில் ஒன்று தேறும். தையல்சிட்டிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கு 1/800-க்குக் கீழே போனால் நேர விரயம்.

இனி மணல்மணி, அதாவது நாய்ஸ். 600 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப் 6.3. விலை பல மடங்கான எஃப் 4 லென்ஸைவிட அது 1 1/3 ஸ்டாப் குறைவு. சோலைக்குள் அந்த வித்தியாசம் ஐஎஸ்ஓவில் வந்து விழும்: எஃப் 4 வைத்திருப்பவருக்கு 2500, உங்களுக்கு 6400. நாய்ஸைப் பார்த்துப் பயந்து ஐஎஸ்ஓவை 1600-ல் நிறுத்திவிட்டு, இருட்டாக வந்த படத்தை வீட்டில் வந்து இரண்டு ஸ்டாப் தூக்குவதுதான் பலரும் செய்வது. அப்படித் தூக்கிய படம், நேராக 6400-ல் சரியான வெளிச்சத்தில் எடுத்ததைவிட நன்றாக இருக்காது, பல கேமராக்களில் மோசமாகவே இருக்கும். நாய்ஸுக்கு மூலகாரணம் சென்சாரில் விழுந்த வெளிச்சம் குறைவு என்பதுதான். ஐஎஸ்ஓ எண் அதைச் சொல்லிக் காட்டுகிறது, அவ்வளவே. எஃப் எண்ணை முழுதாகத் திறந்து, ஷட்டரைப் பறவை தாங்கும் அளவுக்குத் தாழ்த்தி, மிச்சத்தை ஐஎஸ்ஓவிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் நாய்ஸைக் குறைக்க இப்போது நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. ஆட்டத்தில் கலங்கிய கண்ணைத் தெளிவாக்க நம்பகமான மென்பொருள் இல்லை.

அப்புறம், படத்தை வெட்டும் பழக்கம். தூரத்துப் பறவையைச் சட்டத்தின் பத்தில் ஒரு பங்காக எடுத்து வெட்டினால் நாய்ஸும் சேர்ந்துதான் பெரிதாகும். இருட்டில் எட்டாத பறவையை விட்டுவிடுவது நல்லது.

உடம்பெல்லாம் வெயில் புள்ளி, முகத்தில் பாதி இருட்டு

இலைகளின் ஊடே விழும் வெயிலில் பறவை உட்கார்ந்திருக்கிறது. இதற்கு எந்த டயலும் கிடையாது. வெயில் புள்ளிக்கும் நிழலுக்கும் மூன்று நான்கு ஸ்டாப் இடைவெளி இருக்கலாம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். மேகம் ஒன்று மறைக்கும்வரை காத்திருங்கள், அல்லது முகம் முழுதும் நிழலுக்குள்ளோ வெயிலுக்குள்ளோ வரும்வரை விரலை எடுத்துவிடுங்கள். கூந்தன்குளம் கிராமத்தில் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருக்கும், ஆசை அடக்க முடியாது. ஆனால் வேப்பிலை நிழலில் எடுத்த அந்தப் படங்கள் எதுவும் தேறுவதில்லை. கூட்டுக்கு அடியில் வெகுநேரம் நின்று பறவையைப் பதற்றப்படுத்துவதும் சரியல்ல. சாயங்காலம் அவை குளத்தில் இறங்கும்போது எடுக்கலாம்.

நிறம் தப்பாக வருகிறது

காட்டுக்குள் பறவையின் வெள்ளை வயிறு பச்சையடித்தால், சுற்றியுள்ள இலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அது. ராவில் எடுத்திருந்தால் வீட்டில் ஒயிட் பேலன்ஸில் மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

ஊதாத் தேன்சிட்டு வெறும் கறுப்பாக வருவது வேறு கதை. அந்த ஊதாவும் நீலமும் சாயத்தால் வருவன அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தால் தோன்றுபவை. வெயில் உங்கள் தோளுக்குப் பின்னால் இருந்து வந்து, பறவை தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பினால்தான் மின்னும். மேகமூட்டத்தில் எவ்வளவு கூட்டினாலும் சாம்பல் கலந்த கறுப்புதான் கிடைக்கும். பூ இருக்கும் இடத்தைப் பார்த்து, வெயில் பின்னால் விழும்படி முன்கூட்டியே நின்றுகொள்ளுங்கள். சிட்டு தானாக அந்தப் பூவுக்கு வரும்.

வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகு நீலமும் சாயமல்ல, ஆனால் அது இந்த அளவுக்குக் கோணம் பார்க்காது. அங்கே பிரச்சினை அந்த வெள்ளை மார்புதான். வெயிலில் அது முதலில் எரியும், காப்பிக்கொட்டை நிறத் தலையோ கடைசிவரை இருட்டாக நிற்கும். மார்புக்கு அளந்து எடுங்கள், தலையைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

காலை எட்டரைக்கே கண் பள்ளமாகக் கறுக்கிறது, படம் அலையடிக்கிறது

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாது, விறுவிறுவென்று மேலே போய்விடும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 14 பாகை. வெளிநாட்டு ஆசிரியர்கள் சொல்லும் நீண்ட பொன்வெயில் நேரம் நமக்குக் கிடையாது. விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். மாதமும் முக்கியம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசம்பர் நண்பகலில் சுமார் 53 பாகைதான். வலசைப் பறவைகளும் அப்போதுதான் வருகின்றன என்பது நம் அதிர்ஷ்டம். மார்கழியில் பத்து மணி வரைகூடத் தாக்குப்பிடிக்கலாம்.

அலையடிப்பது கானல். பள்ளிக்கரணையில் ரேடியல் சாலை ஓரத்தில் நின்று, தூரத்துப் பூநாரையை எடுக்கிறவர்களுக்கு இது நன்றாகப் பழக்கம். சூடான தார், அதன் மேல் கொதிக்கும் காற்று, அதற்கப்பால் நூற்றுக்கணக்கான அடி தூரம். கண்டுபிடிப்பது சுலபம்: ஷட்டர் 1/2000 இருந்தும் ஒரே பர்ஸ்டில் ஒரு படம் தெளிவு, அடுத்தது மங்கல் என்று மாறி மாறி வந்தால் கானல்தான். நெடுங்கால் உள்ளானின் காலைப் பாருங்கள். கோடு போட்டதுபோல் நேராக இருக்க வேண்டிய சிவப்புக் கால் நெளிந்திருக்கும். விலை உயர்ந்த லென்ஸோ முக்காலியோ இதைத் தீர்க்காது. தூரத்தைக் குறையுங்கள், தார்ச்சாலைக்குக் குறுக்கே எடுக்காமல் தண்ணீர் ஓரமாகப் போங்கள். இரண்டும் முடியாவிட்டால் அன்றைக்குத் தூரத்துப் பறவை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கும் இதே கோளாறு வரும். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கியதும் குளிர்காற்றும் வெளிச்சூடும் ஜன்னலிலேயே கலந்து படத்தைக் கலக்கும். இடத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். நின்ற பிறகு இஞ்சினையும் அணைத்துவிடுங்கள்.

மூடுபனியில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, படம் சாம்பலாக வருகிறது

ஃபோகஸ் பிடிக்கக் கேமராவுக்கு வெளுப்பும் கறுப்பும் சந்திக்கும் ஓரம் வேண்டும். பனி அதைத்தான் அழித்துவிடுகிறது. நடுப்புள்ளியை மட்டும் வைத்து, பறவையின் கண்ணைவிட அலகும் முகமும் சேரும் ஓரத்தில் அல்லது அது உட்கார்ந்திருக்கும் கிளையின் ஓரத்தில் பிடியுங்கள். லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் குறுக்கும் பொத்தான்) இருந்தால் மிகப் பக்கத்து எல்லையை வெட்டிவிடுங்கள், ஓட்டம் குறையும். படத்தின் சாம்பலுக்குப் பிளஸ் 2/3 அல்லது பிளஸ் 1. பனியும் வெள்ளைதானே, கேமரா அதையும் குறைத்துத்தான் காட்டும். பனி தூரத்துக்கு ஏற்பத் தடிக்கும் என்பதால் பக்கத்துப் பறவையை மட்டும் எடுங்கள். மென்பொருளில் பனிமூட்டம் நீக்கும் டீஹேஸை இழுத்துத் தீர்க்கப் பார்த்தால் நாய்ஸும் கறுப்பு விளிம்பும்தான் மிஞ்சும்.

எல்லாப் பனியும் வெளியில் இருப்பதல்ல. கடற்கரை ஊரில் ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்ததும் லென்ஸ் பூத்துப்போகும். துணியால் துடைத்தால் அடுத்த நொடி மறுபடி பூக்கும், உள்பக்கம் பூத்தது துடைத்தாலும் போகாது. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கேமராவை மூடிய பையோடு ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள், பையைத் திறக்க வேண்டாம். மறந்துவிட்டால் லென்ஸைக் கழற்றாமல், வெளிக்காற்றில் தானாகத் தெளியும்வரை விட்டுவிட்டு, அதுவரை பைனாகுலரில் பாருங்கள்.